ரொட்டிப்பால் சின்னப்பொண்ணும் இருபத்திரண்டு படியும்

சின்னப்பொண்ணு மேல் புகார் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்குத்தான் அசிங்கம்.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. புதுச்சேரி உப்பளத்தில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பொய் இல்லை, வரும். ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். புகார் எழுதுகிற நேரத்தில் அது போகவில்லை, அதுதான் கெட்ட நேரம்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் ஒரு சொல்தாவின் வீடாக இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். அந்தப் புண்ணியவான் வீடு கட்டும்போது குழந்தைகள் ஏறுவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கீழே நாலு அறை, மேலே மூன்று அறை, நடுவில் செங்குத்தாக இருபத்திரண்டு படி. எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரைக்கும் கீழே. மூன்று, நாலு, ஐந்து மாடியில். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

சின்னப்பொண்ணு ரொட்டிப்பால் ஊழியர். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பால் ஊற்றிக் கொடுப்பார்கள். பேர்தான் ரொட்டிப்பால். சில வருஷம் ரொட்டி வரும், சில வருஷம் பிஸ்கட், சில வருஷம் வெறும் பால். அதைக் காய்ச்சி, ஆற்றி, ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவது வரைக்கும் இந்தப் பெண்கள் வேலை.

நான் புகார் எழுதியபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். எட்டாவது படிக்கும்போது இவள் பள்ளி கோகோ அணியில் இருந்தாள். உப்பளம் மைதானத்தில் நடந்த போட்டியில் ஜெயித்து ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கியிருக்கிறாள். அதே வருஷம் மில்லை மூடினார்கள். ஒன்பதாவதுக்குப் போக வேண்டிய பெண் அம்மாவோடு இட்லிக் கடைக்குப் போனாள். பிறகு பாவாடை என்கிற லோடு ஆட்டோக்காரரைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகனைப் பெற்றாள், இருபத்தேழு வயதில் ரொட்டிப்பாலுக்கு வந்தாள். பரிசாக வாங்கின தூக்கில்தான் தினமும் சோறு கொண்டுவருவாள். வலது முழங்கால் சரியில்லை. மாடி வகுப்புகளுக்குப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு விழும். யாரைத் திட்டுகிறாள் என்று கேட்டால், "கட்டுனவனத்தான்" என்பாள்.

இனி என் புகாருக்கு வருகிறேன்.

2022 ஜூன். கொரோனாவில் மூடின பள்ளிக்கூடம் திறந்தும் மூடியும், மூடியும் திறந்தும், ஒருவழியாக முழுசாகத் திறந்த வருஷம். என் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். எல்.கே.ஜி.யில் சில மாதம் வந்து, பிறகு இரண்டு வருஷம் வீட்டிலேயே கிடந்து, நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள். இவர்களுக்கு எழுத்து தெரியவில்லை என்று எல்லாரும் பேசினோம். கூட்டம் போட்டுப் பேசினோம், படிவம் நிரப்பிப் பேசினோம். இவர்களுடைய கை காலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நான் பார்க்கத்தான் செய்தேன். வரிசையில் நடக்கச் சொன்னால் முன்னால் போகிறவன் மேலே போய் இடிப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே சரிந்து விழுவார்கள். பந்தைப் போட்டால் பிடிக்கமாட்டார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போன் பார்த்துப் பார்த்துத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று தினம் பத்துப் பேரையாவது கேட்டிருப்பேன்.

அப்போதுதான் டம்ளரைப் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் அரை டம்ளர் பால். மாடிப் பிள்ளைகளுக்குக் கழுத்து வரைக்கும் ஊற்றுகிறாள், என் பிள்ளைகளுக்குப் பாதி. ஒரு நாள் பார்த்தேன், ஒரு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. மீதிப் பால் எங்கே போகிறது? அந்தத் தூக்கு சாயங்காலம் காலியாகவா திரும்பிப் போகிறது? இப்படியெல்லாம் புத்தி போயிற்று. வாயாடிக்கு நியாயம் கேட்கத் தெரியாதா, நேராக அவளையே கேட்டிருக்கலாம். கேட்காமல், வெள்ளைத்தாளில் எழுதித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி சாரிடம் கொடுத்தேன்.

சார் அவளைக் கூப்பிட்டார். தாளைப் படித்துக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சின்னப்பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"சார், ஒரு அஞ்சு நிமிசம் வாங்க. டீச்சரும் வரட்டும்" என்றாள்.

வராந்தாவில் இருபத்தாறு டம்ளரை வைத்தாள். எல்லாவற்றிலும் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். "பாலை வீணாக்க மாட்டேன், தண்ணியே போதும்" என்றாள். பிறகு என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னாள். வராந்தாவிலிருந்து பெஞ்சுக்கு இருபது அடிகூட இருக்காது.

ஆகாஷ் நிலைப்படியில் தடுக்கி டம்ளரோடு விழுந்தான். அபி டம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினாள். ஒருத்தன் மேல் ஒருத்தன் கொட்டினான். ஒரு பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கவே பயந்து நின்ற இடத்தில் நின்றது. இருபத்தாறு பேரில் ஏழு பேர்தான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். வகுப்பறை முழுக்கத் தண்ணீர்.

"இதான் சார் விசயம். முழுசா ஊத்துனா தரை குடிக்குது, புள்ளைங்க குடிக்கிறதில்ல. அதான் அரை அரையா ரெண்டு தடவ ஊத்துறேன். டீச்சர் மொதத் தடவ மட்டும் பாத்துட்டு உள்ள போயிடறாங்க."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "வாய்ல கேட்டது போதும், தண்ணியத் தள்ளுங்க டீச்சர்" என்றாள். தள்ளினேன்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்தாள். ஒருத்தரையும் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து சிவப்பு நகப்பாலிஷ் கொண்டுவந்து ஒவ்வொரு டம்ளரிலும் மூன்று கோடு போட்டாள். பாதியில் ஒன்று, முக்காலில் ஒன்று, கழுத்தில் ஒன்று. பால் வாளியை வகுப்பு வாசலில் வைக்காமல் முற்றத்தின் அந்தக் கோடியில், பூவரச மரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள். பால் வேண்டும் என்கிறவன் காலி டம்ளரோடு கட்டத்தில் நொண்டி அடித்துக்கொண்டு வர வேண்டும். வாங்கிக்கொண்டு ஒற்றைக் கோட்டின் மேலே நடந்து திரும்ப வேண்டும். ஒரு வாரம் சிந்தாமல் போனால் அடுத்த கோடு. விழுந்தால் பழைய கோடு. வயிற்றுக்குக் குறை வைக்கமாட்டாள், இரண்டு தடவை மூன்று தடவை வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் நொண்டி அடித்துத்தான் வர வேண்டும்.

கால் மணி நேரத்தில் முடிகிற ரொட்டிப்பால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்ட மறுவாரமே! நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

"நீ பால் ஊத்த வந்தியா, பி.டி. மாஸ்டர் வேலைக்கு வந்தியா? என் கணக்குப் பீரியடு போவுது."

"இந்தப் பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர் இருந்தா நான் ஏன் டீச்சர் சாக்பீஸ் புடிக்கிறேன்? நீங்க வேணா ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க, நான் இன்னிக்கே கட்டத்த அழிச்சிடறேன்."

இருபத்தாறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தன. வீம்பு விடுமா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது கட்டத்தில் கால் மடங்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். ஆகாஷ் ஆரம்பித்தான், மொத்த வகுப்பும் சிரித்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரித்து அந்த வருஷம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இடுப்பு வலித்தது, ஆனால் கட்டத்தை அழிக்கச் சொல்லவில்லை. கணக்குப் பீரியடை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

தீபாவளிக்குள் பாதிப் பேர் முக்கால் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். வரிசையில் இடிப்பது குறைந்தது. பெஞ்சிலிருந்து விழுவது நின்றே போயிற்று. அபி காலி டம்ளரைத் தலையில் வைத்துக்கொண்டு நொண்டி அடிக்கிற அளவுக்குப் போய்விட்டாள், அதற்கும் நான் திட்டினேன்.

ஒரு பிள்ளை மட்டும் கட்டத்துக்குள் காலையே வைக்கவில்லை. கவிநிலா. அவளுக்கு மட்டும் சின்னப்பொண்ணே பெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுப்பாள்.

வம்பாகீரப்பாளையத்து மீனவக் குடும்பம். அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா பேர் வேம்பு, மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். குடியிருப்பு வாரிய வீட்டில் மூன்றாம் மாடி. பிள்ளைக்கு ஏழு வயது, ஆனால் வேம்பு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வருவாள். இறக்கி விட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டே வகுப்புக்கு வரும். ஒரே ஒரு படி இறங்க வேண்டும் என்றாலும் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, மெதுவாகக் காலை விட்டுத் தடவிப் பார்க்கும். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, ஓடி ஆட விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து எழுதித் தராததால் வேம்பு அதை வைத்தியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஜூனில் இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு மாடியில்.

கிருஷ்ணசாமி சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். "கீழ ரூம் கிடையாது டீச்சர். தினம் யாரு தூக்கிட்டு ஏறுவாங்க? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். தானா ஏறி எறங்கினா சரி, இல்லன்னா டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க. தரையோட இருக்கற பள்ளிக்கூடமா பாத்துச் சேக்கட்டும்" என்றார். அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிற வேம்பு அங்கே கொண்டுவிட முடியாது. பிள்ளை மறுபடியும் வீட்டில்தான் கிடக்கும். இது எனக்கும் தெரியும், சின்னப்பொண்ணுக்கும் தெரியும்.

அவள் அவசரப்படவில்லை. பால் நேரம் முடிந்ததும் கவிநிலாவை மாடிப்படியின் முதல் படியில் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து டம்ளர் துடைப்பாள். ஒரு மாதம் முதல் படி. அப்புறம் இரண்டாவது. எனக்குப் பொறுமை ஏது? டிசம்பரில் ஒரு நாள் அவள் லீவு. நான் போய், "வாடி கண்ணு, ஒண்ணுமில்ல, டீச்சர் கையப் புடிச்சுக்க" என்று பிள்ளையை மேலே வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். ஏறும்போது வந்தது. மேலே போய்த் திரும்பிக் கீழே பார்த்ததும் போட்டதே ஒரு அலறல்! நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. மாடிப் பிள்ளைகள் அத்தனையும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தன. கடைசியில் வேம்புக்கு ஆள் அனுப்பினோம், அவள் மீன் நாற்றத்தோடு ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். "இனிமே அனுப்ப மாட்டேன் டீச்சர். இருக்கறது ஒண்ணு, அது உசுரோட இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் பிள்ளை வரவில்லை. சின்னப்பொண்ணு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை மணி அடித்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"செருப்ப மாட்டுங்க. போவலாம்."

"எங்க?"

"நீங்க ஒடச்சத ஒட்ட வைக்க."

வேம்புவின் வீட்டுக்கு ஐம்பத்துநாலு படி. நான் எண்ணிக்கொண்டே ஏறினேன், சின்னப்பொண்ணு முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே ஏறினாள். கைப்பிடிக் கம்பி பல இடத்தில் இல்லை. எனக்கே எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது.

வேம்பு எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பித்தண்ணி போடப் போனாள். சின்னப்பொண்ணு அவளை விடவில்லை.

"ஏழு வயசுப் பொண்ண இடுப்புல தூக்கினு திரியிறியே வேம்பு, அதுக்கும் கால் வேணாமா, உனக்கும் இடுப்பு வேணாமா?"

வேம்பு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, கொரோனா நேரத்துல நாங்க ரெண்டு பேரும் பொழப்புக்கு ஓடணும். பள்ளிக்கூடமும் இல்ல, பாத்துக்க ஆளும் இல்ல. போனைக் கையில குடுத்து வெளிய பூட்டு போட்டுட்டுப் போவேன். எதிர்வூட்டுப் பையன் இந்தப் படியில உருண்டு கால ஒடச்சுக்கினான். எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. படியில பூதம் இருக்குது, எறங்குனா உன்ன முழுங்கிடும்னு நான்தான் சொல்லி வச்சேன். தெனம் சொல்லுவேன். ரெண்டு வருசம் சோத்தோட சேத்து அந்தப் பயத்தையும் நான்தான் ஊட்டுனேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தானே அந்தப் பூதத்தை மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

கவிநிலா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சின்னப்பொண்ணு அவளிடம் படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கப்பா வூட்ல இல்லியா?" என்று கேட்டாள்.

"கடலுக்குப் போயிருக்குது."

"எப்ப வரும்?"

"நாளைக்கு. நானும் அம்மாவும் தொறமுகத்துக்குப் போவோம். அப்பா போட்டுலேர்ந்து எறங்கும்."

"எப்படி எறங்கும்? குதிக்குமா?"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுகூடத் தெரியாத பொம்பளையா என்கிற சிரிப்பு. "குதிக்காது. போட்டு பக்கம் மூஞ்ச வச்சுக்கினு ஏணியப் புடிச்சுக்கினு பின்னாடியே எறங்கும். முன்னாடி பாத்து எறங்குனா விழுந்துடுவாங்க" என்றது.

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நொடியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தோன்றிற்று என்று சொல்ல எனக்கு ஆசைதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத்தான் தோன்றிற்று.

எழுந்து வெளியே போனாள். படி உச்சியில் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, குனிந்து, மேல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கெட்ட முழங்காலோடு பின்புறமாக ஒரு படி இறங்கினாள். "இப்படியா?" என்றாள்.

"கால மெதுவா விடணும். தண்ணி ஆடும்" என்றது கவிநிலா.

"எனக்குத் தெரியலடி. நீ வந்து காட்டு."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. வேம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடி அப்படி. கவிநிலா வந்தாள், திரும்பினாள், பிடித்தாள், காலை விட்டாள். ஒரு படி. இன்னொரு படி. நாலு படி. பக்கத்தில் சின்னப்பொண்ணு பின்னாடியே இறங்குகிறாள். "டீச்சர், நீங்களும் எறங்குங்க, கப்பல் கவுந்துடாது" என்று கத்துகிறாள். நானும் குனிந்து இறங்கினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து, மேல்வீட்டுக் கதவு திறந்து, மூன்றாம் மாடியே கூடிச் சிரித்தது. சிரிக்கட்டும்.

திங்கட்கிழமை கவிநிலா பள்ளிக்கு வந்தாள். வேம்பு இடுப்பில் தூக்கிவரவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் மாடிப்படிக்குப் பேரே 'போட்டு' என்று ஆகிவிட்டது. தினம் பால் முடிந்ததும் கவிநிலா போட்டில் ஏறுவாள், பின்பக்கமாக இறங்குவாள். பொங்கலுக்குள் ஆறு படி. மாசி மாதம் பன்னிரண்டு. மற்ற பிள்ளைகள் சும்மா இருக்குமா, எல்லாம் பின்னாடியே இறங்க ஆரம்பித்தன. ஐந்தாம் வகுப்புப் பையன்கள்கூட அப்படியே இறங்க, கிருஷ்ணசாமி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இதற்குள் நொண்டிக் கட்டத்திலும் அவள் கால் வைத்துவிட்டாள். முதலில் இரண்டு காலால் தத்தினாள், பிறகு ஒரு காலால். டம்ளரில் முதல் கோடு, இரண்டாம் கோடு.

ஏப்ரலில் கடைசி வேலை நாள். சார் முன்னால் கவிநிலா இருபத்திரண்டு படியும் ஏறி இறங்க வேண்டும், ஒருத்தரும் தொடக்கூடாது. அன்றைக்கு வேம்பு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கீழே என் வகுப்பு முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. சின்னப்பொண்ணு படிக்குப் பக்கத்தில் காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இல்லை, வாளிப் பிடியை உருட்டிக்கொண்டே இருந்தது.

கவிநிலா ஏறினாள். மேலே போனதும் திரும்பிக் கீழே பார்க்காமல் குனிந்தாள். ஒன்று, இரண்டு என்று நாங்கள் எண்ணினோம். ஒன்பதாவது படியில் நின்றுவிட்டாள். கால் கீழே வரவில்லை. பத்து நொடி, இருபது நொடி. வேம்பு ஓட எழுந்தாள், சின்னப்பொண்ணு அவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். சார் தொண்டையைக் கனைத்தார்.

அப்போது அபி எழுந்து நின்று கத்தினாள். "கவி! இன்னும் பதிமூணுதான்! தண்ணி ஆழமில்ல, எறங்கு!"

உடனே இருபத்தைந்து குரலும் சேர்ந்துகொண்டது. "எறங்கு! எறங்கு!" மாடியிலிருந்தும் கத்தினார்கள். கவிநிலாவின் கால் மெதுவாக வந்தது. பத்து. பதினொன்று. அப்புறம் நிற்கவில்லை. பதினெட்டு வந்தபோது, இன்னும் நாலே படி இருக்கும்போது, அவள் கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, முன்பக்கமாக, நம்மைப் போல, நாலு படியும் இறங்கி வந்து தரையில் நின்றாள்.

நான் அழுதேன். மறைக்கவில்லை, ஓவென்று அழுதேன். வேம்பு பிள்ளையைத் தூக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, குனிந்து கட்டிக்கொண்டாள். சார் மட்டும், "பாதிக்கு மேல பின்னாடி திரும்பித்தானே டீச்சர் எறங்குச்சு, அது எப்படி..." என்று ஆரம்பித்தார்.

"எறங்குச்சா இல்லியா சார்?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூன்றாம் வகுப்புப் பட்டியலில் அவள் பேரை எழுதிவிட்டு, "எறங்குச்சு" என்றார்.

ஜூன் வந்தது. பள்ளி திறந்த மறுநாள் சின்னப்பொண்ணு ஒரு புது ஏற்பாடு செய்தாள். இனி பால் வாளியை மாடிக்குத் தூக்கமாட்டாளாம், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லையாம். மாடிப் பிள்ளைகள் கீழே வந்து வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். "இத்தினி வருசம் தூக்கினவளுக்கு இப்பதான் முட்டி ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டேன். "வாயப் பொத்திக்கினு பாருங்க" என்றாள்.

மூன்றாம் வகுப்பு வரிசையில் ஏழாவதாகக் கவிநிலா வந்தாள். கையில் டம்ளர், அதே சிவப்புக் கோடுகள், கோடை விடுமுறையில் கொஞ்சம் உதிர்ந்திருந்தன. முன்பக்கமாகத்தான் இறங்கினாள், ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு. சின்னப்பொண்ணு கழுத்துக் கோடு வரைக்கும் ஊற்றினாள். அந்தக் கோட்டுக்குப் பிள்ளை அதுவரைக்கும் வந்ததே இல்லை. கவிநிலா டம்ளரைப் பார்த்தாள், சின்னப்பொண்ணைப் பார்த்தாள், திரும்பி ஏறினாள். இருபத்திரண்டு படி. நான் என் வகுப்பு வாசலில் சாக்பீஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு நானும் சின்னப்பொண்ணும் போய்ப் படிகளைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. நான் விரலால் தடவியே பார்த்தேன்.

"என்ன டீச்சர், இதுக்கும் புகார் எழுதலாமான்னு பாக்கறீங்களா?" என்றாள் சின்னப்பொண்ணு. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேலே தடதடவென்று சத்தம். காலி டம்ளரைக் கழுவப் போடக் கவிநிலா இறங்கி வருகிறாள். சுவரைத் தொடவில்லை. கடைசி இரண்டு படி இருக்கும்போது நின்றாள், எங்களைப் பார்த்தாள், அப்படியே குதித்தாள். தரையில் தொம்மென்று விழுந்த சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏய்! குதிக்காதடி! கால ஒடச்சுக்கப் போற!" என்று கத்திவிட்டேன்.

சின்னப்பொண்ணு வாளியைக் கீழே வைத்தாள். "வருசம் பூரா புள்ள படியில எறங்கலன்னு அழுதீங்க. இப்ப குதிச்சாலும் திட்டுறீங்க. உங்கள வச்சுக்கினு நான் இன்னாதான் பண்றது?"

கவிநிலா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் படியேறினாள். இந்தத் தடவை மூன்றாவது படியில் நின்று குதித்தாள்.